ஈர்ப்பன்: கிராவிட்டானுக்குத் தமிழ்

ஈர்ப்பு விசையைக் கொண்டு சேர்ப்பதாகக் குவாண்டம் கோட்பாடு கருதும் துகளே கிராவிட்டான். நிறையும் மின்னூட்டமும் கிடையாது, தற்சுழற்சி (துகளுக்கு இயல்பாகவே உள்ள சுழல் அளவு) 2. தனித் துகளாக இதுவரை எந்தக் கருவியிலும் அகப்படவில்லை.

1934-இல் சோவியத் இயற்பியலாளர்கள் பிளோகின்ட்சேவும் கால்பெரினும் இப்பெயரை எழுத்தில் கொண்டுவந்தார்கள். லத்தீனில் 'கிராவிஸ்' என்றால் கனமானது; 'ஆன்' எலெக்ட்ரான், போட்டான் வரிசை விகுதி. தமிழில் 'புவியீர்ப்புத் துகள்' என்பது பிழை, இது பூமிக்கு மட்டும் உரியதன்று. 'ஈர்ப்பணு'வும் பொருந்தாது, இது அணுவே அன்று. ஒளித் துகளான போட்டானை ஒளியன் என்கிறோம். அவ்வழியில் ஈர்ப்பன் என்பதே சரி. பன்மை ஈர்ப்பன்கள், 'ஈர்ப்பர்' என்றால் ஆட்களைக் குறித்துவிடும்.

ஒளியனுக்கு மின்னூட்டம் இல்லாததால் இன்னொரு ஒளியனை அது நேரடியாகப் பற்றுவதில்லை. ஈர்ப்போ ஆற்றல் இருக்குமிடமெல்லாம் பற்றும். ஈர்ப்பனிடமும் ஆற்றல் உண்டு. ஆகவே ஈர்ப்பன்கள் ஒன்றையொன்று ஈர்க்கும். ஈர்ப்பைக் குவாண்டம் முறையில் போடும் கணக்கு இடறுவதும் இங்கேதான். ஆற்றல் கூடக்கூட இந்த வினை வலுக்கிறது, விடையில் முடிவிலிகள் முளைக்கின்றன. இரண்டு வளையங்கள் கொண்ட கணக்கில் (இடையில் தோன்றி மறையும் துகள்களையும் சேர்க்கும் இரண்டாம் படித் திருத்தத்தில்) அவற்றை நீக்க வழியில்லை என்று இயற்பியலாளர்கள் கோராஃபும் சாக்னோட்டியும் 1985-இல் காட்டினார்கள். குறைந்த ஆற்றலில் மட்டும் கணக்கை நம்பலாம்.

பெங்களூரில் பிள்ளைகளைக் கோளரங்கத்துக்குக் கூட்டிப்போகும் நம் வீடுகளில் தவறாமல் எழும் நல்ல கேள்வி ஒன்று: ஒளியே தப்பாத கருந்துளையிலிருந்து ஈர்ப்பன் மட்டும் எப்படி வெளியே வந்து இழுக்கிறது? வரவே வேண்டாம். விண்மீன் குலைந்து உள்ளே போகுமுன்பே அதன் ஈர்ப்புப் புலம் வெளியே பரவியிருந்தது, அதுவே நிலைக்கிறது. வெளியிலிருந்து விழும் ஈர்ப்பன், ஒளியும் மீளாத எல்லையான நிகழ்வெல்லையைத் தாண்டினால் திரும்பாது, அதன் ஆற்றல் கருந்துளையின் நிறையில் சேரும். விழாதவை சிதறும். ஈர்ப்பலை (ஈர்ப்புப் புலத்தில் பரவும் அலை) மோதிய கருந்துளை அதிர்ந்து அடங்கும் என்று 1970-இல் கணக்கிட்டுக் காட்டியவர் இந்திய இயற்பியலாளர் விசுவேசுவரா. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்தின் முதல் இயக்குநரும் அவரே. அதிர்வெண்ணும் அடங்கும் நேரமும் கருந்துளையின் நிறையையும் சுழற்சியையும் பொறுத்தவை.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஈர்ப்பலை உணரியான லைகோ பதிவுசெய்த இரு கருந்துளைகளின் மோதலில் ஏறத்தாழ 3 சூரிய நிறை ஈர்ப்பலையாக வெளியேறியது. 150 ஹெர்ட்ஸில் ஓர் ஈர்ப்பனின் ஆற்றல் சுமார் 0.0000000000006 எலெக்ட்ரான் வோல்ட். வகுத்தால், 1-க்குப் பின் 78 சுழியங்கள் என்ற அளவில் ஈர்ப்பன்கள்! லைகோ உணர்ந்தது இந்தத் திரளின் அலையை. ஈர்ப்பனைக் கண்டுவிட்டதாக எழுதக்கூடாது.

நிகழ்வெல்லைக்கு அருகே குவாண்டம் விளைவால் கருந்துளை வெளிவிடுவதாகக் கணிக்கப்படும் ஹாக்கிங் கதிர்வீச்சிலும் ஈர்ப்பன்கள் உண்டு. ஆனால் தற்சுழற்சி 2 என்பதால் கருந்துளையைச் சுற்றிய ஈர்ப்புத் தடையைத் தாண்டுவது அவற்றுக்குக் கடினம். ஒளியன்களைவிட மிகக் குறைவாகவே வெளிவரும்.