அடைப்புக்குறி திரும்பி வந்த கதை

"பழைய ஜாவா புரோகிராம் ஓடுகிறது, ஆனால் சோர்ஸ் கோடு (மூலநிரல்) இருந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. மீட்க முடியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் முடியும்.

நாம் எழுதியதைக் கம்பைலர் கட்டளைகளாக மாற்றும் என்பது தெரிந்ததே. அ + இ × உ என்று எழுதினால் ஜாவா கம்பைலர் தருவது ஐந்தே கட்டளைகள்: அ-வை அடுக்கில் வை, இ-யை வை, உ-வை வை, பெருக்கு, கூட்டு. (அ + இ) × உ என்றால் அ-வை வை, இ-யை வை, கூட்டு, உ-வை வை, பெருக்கு. அடைப்புக்குறி எங்குமே இல்லை.

இந்த வரிசையை ஒரு வாக்கியமாகப் பாருங்கள். அதன் இலக்கணத்துக்கு மூன்றே விதிகள் போதும். 'வை' தனியே ஒரு கோவை, அதாவது ஒரு மதிப்பைத் தரும் கணக்கு. இரண்டு கோவைகளை அடுத்து 'கூட்டு' வந்தால் எல்லாம் சேர்ந்து ஒரு கோவை. 'பெருக்கு' வந்தாலும் அப்படியே. இரண்டாம் வரிசையைப் படித்துக்கொண்டே வாருங்கள். அ, இ இரண்டும் 'கூட்டு' வந்ததும் ஒரே கோவையாகிவிட்டன. அப்புறம் உ. கடைசியில் 'பெருக்கு' வரும்போது, அந்தக் கூட்டல் மொத்தத்தையும் உ-வால் பெருக்கியாக வேண்டும். அதைக் காகிதத்தில் எழுதப்போனால் அடைப்புக்குறி போடாமல் தீராது! யாரும் சேமித்து வைக்காத குறி வரிசைக்குள்ளிருந்தே முளைக்கிறது. நம்பாமல், வேண்டுமென்றே சிக்கலான கோவைகளைக் கையால் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் தப்பவில்லை.

சி மொழியில் இவ்வளவு சுலபமில்லை. 8-ஆல் பெருக்கச் சொன்னால் கம்பைலர் பெரும்பாலும் எண்ணின் இரும இலக்கங்களை (பிட்) மூன்று இடம் இடப்பக்கம் தள்ளிவிடும்; விடை ஒன்றேதான். எழுதியவர் பெருக்கினாரா, தள்ளினாரா? இலக்கணம் இரண்டுக்கும் தலையாட்டும். சேர்ந்து நின்றால் புலி அல்லது மரம், வேம் + கை என்று பிரிந்தால் வேகின்ற கை என நிற்கும் 'வேங்கை' போலத்தான். 1994-இல் ப்ரூயர், போவன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கம்பைலரின் இலக்கணத்தையே தலைகீழாக்கி, அதே கட்டளைகளைத் தரக்கூடிய மூலநிரல்களை ஒவ்வொன்றாக அடுக்கும் டீகம்பைலருக்கு (கட்டளைகளிலிருந்து மூலநிரலை மீட்கும் கருவிக்கு) வழி சொன்னார்கள். வேண்டாத அடைப்புக்குறிகளை எத்தனை வேண்டுமானாலும் போடலாமே, பட்டியலுக்கு முடிவே கிடையாது. இதுதான் மூலம் என்று ஒன்றை மட்டும் சாதிக்காத இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டினா சிஃபுவென்டெஸ் தன் முனைவர் பட்ட ஆய்வில், வேறு இடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளைகளிலிருந்து இஃப் (நிபந்தனை), வைல் (திரும்பத் திரும்பச் செய்தல்) அமைப்புகளை மீட்டுக் காட்டினார். 2019-இல் அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏ டீகம்பைலர் அடங்கிய தன் கீட்ரா கருவியை இலவசமாக வெளியிட்டது. உளவாளிகளே கொடுக்கும்போது, நம் வரிப்பணத்தில் எழுதப்படும் மென்பொருள் மட்டும் ஏன் பூட்டிக் கிடக்க வேண்டும்?

வாசகருக்கு: ஜாவா கம்பைலர் தரும் கிளாஸ் கோப்பில் மெத்தட் (செயற்பகுதி) பெயர்கள்கூடத் தங்கியிருக்கும். நீங்கள் எழுதிவைத்த விளக்கக் குறிப்புகள் (கமெண்ட்டுகள்) போனது போனதுதான்.