பாய்காட்: ஊர்விலக்கமா, ஒதுக்கிவைப்பா?

‘1880இல் பார்னெல், பாய்காட்டை ஊர்விலக்கம் செய்யச் சொன்னார்.’ அயர்லாந்து வரலாற்றைத் தமிழில் சுருக்குகிறவர்கள் இந்த வரியை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். பாய்காட் ஓர் ஆளின் பெயர்; பிறகு அதுவே ‘boycott’ என்ற ஆங்கில வினைச்சொல்லானது. இந்த வரியில் ஆளும் தப்பு, அந்த வினைக்குப் போட்ட தமிழ்ச் சொல்லும் தப்பு.

ஆளை முதலில் முடித்துவிடலாம். சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் 1846இல் அயர்லாந்தின் விக்லோவில் பிறந்த புராட்டஸ்டன்ட் நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. 1875 இடைத்தேர்தலில் மீத் தொகுதியில் வென்று லண்டன் நாடாளுமன்றம் போனார். 1879இல் குத்தகை விவசாயிகளின் நிலச் சங்கத்துக்குத் தலைவரானார். 1880 செப்டம்பர் 19 அன்று என்னிஸ் ஊர்க் கூட்டத்தில், வெளியேற்றப்பட்ட குத்தகைக்காரனின் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறவனை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ‘சுட்டுத் தள்ளுவோம்’ என்று குரல் வந்தது. அதைவிடக் கிறித்தவ முறையான வழி உண்டு என்றார்: சாலையில், கடையில், சந்தையில், தேவாலயத்தில்கூட அவனோடு சேராதீர்கள். பாய்காட்டின் பெயரே அந்தப் பேச்சில் இல்லை.

பாய்காட், மேற்கு அயர்லாந்தின் மேயோவில் எர்ன் பிரபுவின் நிலத்தை மேற்பார்த்த முகவர். குத்தகைக்காரர்கள் குத்தகைப் பணத்தில் 25 சதவீதக் குறைப்பு கேட்டார்கள்; பிரபு 10க்கு மேல் இறங்கவில்லை. வெளியேற்ற நோட்டீஸ் வந்ததும் வயல் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். கொல்லன் வேலை செய்யவில்லை, துணி வெளுக்கிறவள் வரவில்லை, கடைக்காரர் சாமான் தரவில்லை, தபால் பையனும் நின்றுவிட்டான். அறுவடைக்குக் கவன், மொனகன் பகுதிகளிலிருந்து 50 பேர் வந்தார்கள். காவலுக்கு ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்களும் போலீசும். சுமார் 500 பவுண்டு விளைச்சலுக்கு 10,000 பவுண்டு செலவு. ஒருவரைக் கூடி ஒதுக்குவதைக் குறிக்கும் ‘ஆஸ்ட்ரசிசம்’ என்ற ஆங்கிலச் சொல் குடியானவர்களுக்குப் புரியாது என்று பாதிரியார் ஓ’மாலி பத்திரிகையாளர் ரெட்பாத்திடம் சொல்லி, ஆளின் பெயரையே வினைச்சொல்லாக்கினார்.

புரியவேண்டும் என்பதற்காகப் பிறந்த சொல்லுக்கு நம்மவர்கள் புரியாத வேலை செய்கிறார்கள். ஊர்விலக்கம் என்றால் ஊரைவிட்டு விலக்குவது. பாய்காட்டை யாரும் ஊரைவிட்டு விரட்டவில்லை. தன் வீட்டில்தான் இருந்தார், கைக்கு உதவ ஆள்தான் இல்லை. அறுவடை முடிந்து டிசம்பரில் அயர்லாந்தைவிட்டே கிளம்பியது பிற்பாடு. இன்னொரு கோணலும் உண்டு. தமிழில் ஊர்விலக்கம் என்றதும் நினைவுக்கு வருவது பஞ்சாயத்தின் தீர்ப்பு. பெரும்பாலும் வலியவர்கள் எளியவர் வீட்டின்மேல் போடும் கட்டு. மேயோவில் நடந்தது நேர் எதிர்: கீழே இருந்தவர்கள் மேலே இருந்தவனுக்குச் செய்தது.

‘ஒதுக்கிவைத்தல்’ அந்தத் திசையைச் சுமக்காது. பங்காளிகள் கூடப் பங்காளியை ஒதுக்கிவைக்கிறார்கள். நிதி ஒதுக்கீட்டோடு குழம்பாதா என்கிறார்கள். ஆளைச் செயப்படுபொருளாக வைத்தால் எந்தத் தமிழனுக்கும் குழம்பாது. ‘தள்ளிவைத்தல்’தான் குழப்பும்: கூட்டத்தையும் தேர்வையும்கூடத் தள்ளிவைக்கிறோம்.

‘பகிஷ்காரம்’ வடமொழி என்பதற்காக மட்டும் நான் விலக்கவில்லை. அதன் வேர்ப்பொருளும் வெளியே தள்ளுவதுதான், ஊர்விலக்கத்தின் அதே கோளாறு. இலங்கையில் ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்றால் வேலைநிறுத்தம். அங்கே அது வேறு வேலைக்குப் போய்விட்டது.

‘புறக்கணிப்பு’ பொருளுக்கும் தேர்தலுக்கும் பொருந்தும். சைமன் கமிஷனைப் புறக்கணித்தார்கள், சரி. ஆளுக்குப் போட்டால் கண்டுகொள்ளாமை என்று இளைத்துவிடுகிறது. பெற்றோரைப் புறக்கணித்த மகன் யாரோடும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. பாய்காட்டில் அந்தக் கூடிப் பேசியதுதான் உயிர்.

அதனால் ‘பாய்காட் ஒதுக்கிவைக்கப்பட்டார்’ என்றும் எழுதாதீர்கள். இந்தச் செயப்பாட்டு வினை, மொழிபெயர்ப்பாளர்களின் செல்லப்பிள்ளை, ஒதுக்கிவைத்தது யார் என்பதை விழுங்கிவிடும். ‘மேயோ குத்தகைக்காரர்கள் பாய்காட்டை ஒதுக்கிவைத்தார்கள்.’ ஐந்து சொல்கூட ஆகவில்லை.