மூலச்சோடி

திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளின் கொப்பியில் 'மூலச்சோடி' என்றிருக்கும். தமிழ்நாட்டுப் பாடக் காணொளியைத் திறந்தால் 'கார இணை' என்பார்கள். இரண்டும் ஒன்றா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒன்றுதான். மரபுத் தகவலைச் சுமக்கும் டிஎன்ஏயை முறுக்கிய ஏணி என்று கொண்டால், அதன் ஒவ்வொரு படியும் எதிரெதிரே சேர்ந்த இரண்டு மூலங்கள். அந்தச் சோடியே மூலச்சோடி.

இந்த மூலத்துக்கு வேர், தொடக்கம் என்ற பொருள் இல்லை. அமிலத்தோடு சேர்ந்து உப்பைத் தரும் பொருளை, அந்த உப்புக்கு அடித்தளம் என்ற கருத்தில், பிரெஞ்சு இரசாயனவியலாளர் ரூயேல் 1754இல் 'பாஸ்' என்றார். ஆங்கிலத்தில் அது 'பேஸ்'. தமிழில் 'உப்புமூலம்' என்றும் வழங்குவது இதே கருத்தில்தான். நமது பாடநூல்களில் காரம் என்பது நீரில் கரையும் மூலம் மட்டுமே. டிஎன்ஏயிலுள்ள மூலங்களில் ஒன்றான குவானினோ நீரில் கரைவதே அரிது. ஆகவே 'மூலம்' என்பதே பொருத்தம் என்பேன்.

குவானோ எனும் கடற்பறவை எச்ச உரத்திலிருந்து 1844இல் பிரித்தெடுத்ததால் குவானினுக்கு அந்தப் பெயர். நமது மீன் சந்தையில் சூடை மீனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வெயில் பட்டதும் வெள்ளியாய் மின்னுவது தோலிலுள்ள குவானின் பளிங்குகளே. டிஎன்ஏயில் இருப்பதும் அதே மூலக்கூறுதான்!

சோடி சேர்வதற்குக் கண்டிப்பான ஒழுங்கு உண்டு. டிஎன்ஏயின் நான்கு மூலங்களில் அடினினும் குவானினும் இரட்டை வளையம் கொண்ட பியூரின்கள். தைமினும் சைற்றோசினும் ஒற்றை வளையப் பிரிமிடின்கள். இரண்டு பியூரின்கள் எதிரெதிரே நின்றால் இடம் போதாது. இரண்டு பிரிமிடின்கள் ஒன்றையொன்று எட்டாது. வகைக்கு ஒன்றாகச் சேர்ந்தால்தான் ஏணியின் அகலம் எங்கும் ஏறத்தாழ 2 நனோமீற்றராக நிற்கும். அதிலும் அடினின் தைமினோடு 2 ஐதரசன் பிணைப்புகளாலும், குவானின் சைற்றோசினோடு 3 பிணைப்புகளாலும் சேரும். அடினினும் தைமினும் சம அளவு, குவானினும் சைற்றோசினும் சம அளவு என்று உயிர் இரசாயனவியலாளர் சார்காஃப் அளந்து காட்டியதன் காரணம், 1953இல் வாட்சனும் கிரிக்கும் தந்த இரட்டைச் சுருளில்தான் விளங்கியது.

டிஎன்ஏயின் உறவு மூலக்கூறான ஆர்என்ஏயில் தைமினுக்குப் பதில் யுராசில் வரும். பெரும்பாலும் அது ஒற்றை இழை. தன்மேலேயே மடிந்து சோடி சேரும். அங்கே குவானின் யுராசிலோடும் சேர்வதுண்டு. மூன்று மூலங்கள் சேர்ந்த குறியீடான கோடோனின் மூன்றாம் இடத்தில் நிகழும் இத்தகைய நெகிழ்வை 1966இல் கிரிக் 'வொபிள்' என்றார். 'தளம்பல் சோடி' என்றால் நம்மவர்க்கு உடனே பிடிபடும். அமினோ அமிலங்களைக் குறிக்கும் 61 கோடோன்களை வாசிக்க அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் இடமாற்று ஆர்என்ஏ 61 வகை தேவைப்படாதது இந்தத் தளம்பலால்தான்.