ஸ்டெம் செல்லுக்குக் குருத்தணு என்பதே சரி

போன மாதம் பெரியம்மா மகளான அக்கா தொலைபேசியில் அழைத்தார். சின்னவனுக்கு ரத்தப் புற்றுநோய். அக்காவின் திசு வகை அவனுக்குப் பொருந்தியிருக்கிறது. மருத்துவமனையில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்த தமிழ்த் தாளில் ‘தண்டுவடச் செல் தானம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். “தம்பி, முதுகுத் தண்டுல குத்தி எடுப்பாங்களாமே? அப்புறம் நடக்க முடியாமப் போயிடுமா?” என்று கேட்டார். மூன்று நாளாகத் தூங்கவில்லையாம்.

தண்டுவடத்தை யாரும் தொடப்போவதில்லை. நாலைந்து நாள் ஊசி போட்டு, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குள் இறங்கச் செய்வார்கள். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, கருவியில் வேண்டியதை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மறு கை வழியாகத் திருப்பி ஏற்றிவிடுவார்கள். சில சமயம் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையாகவே எடுப்பதும் உண்டு, அதுவும் மயக்க மருந்து கொடுத்துத்தான். இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகும் அக்கா, “அப்போ ஏன் தண்டுவடம்னு போட்டிருக்கு?” என்றார். அதற்குத்தான் இந்த விளக்கம்.

‘ஸ்டெம் செல்’ என்ற சொல் ஜெர்மன் மொழியில் பிறந்தது. 1868-ல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் ‘ஷ்டாம்ட்ஸெல்லெ’ என்று எழுதினார். எல்லாப் பல செல் உயிர்களுக்கும் மூதாதையான ஒற்றைச் செல்லை அப்படி அழைத்தார். பின்னர் கருவுற்ற முட்டைக்கும் அதே பெயரை வைத்தார். ‘ஷ்டாம்’ என்றால் அடிமரம். குலம், கால்வழி என்ற பொருளும் உண்டு. வம்சாவளிப் படத்தை ஜெர்மானியர் ‘ஷ்டாம்பௌம்’ என்கிறார்கள். ஹேக்கல் மனத்தில் இருந்தது இந்தக் கால்வழிதான். ஆங்கிலம் அதை ‘ஸ்டெம்’ ஆக்கியது. நம்மவர்கள் அகராதியைத் திறந்து, முதலில் கண்ணில் பட்ட ‘தண்டு’ என்ற பொருளை எடுத்துக்கொண்டார்கள்.

தண்டு என்ன செய்கிறது? தாங்கி நிற்கிறது, நீரைக் கடத்துகிறது. ஸ்டெம் செல் இந்த இரண்டையும் செய்வதில்லை. அதற்கு இரண்டு குணங்கள். பிரியும்போது தன்னைப் போன்ற இன்னொன்றைத் தரும். ரத்தம், தோல், குடல் என்று வேறு வகைச் செல்லாகவும் முற்றும். இந்த இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அந்தப் பெயர். தாவரங்களிலும் இவை உண்டு, தண்டின் நுனியிலும் வேரின் நுனியிலும். அப்படியானால் வேர் நுனியில் இருப்பதை ‘வேரின் தண்டுச் செல்’ என்றா எழுதுவது? தாவரவியல் படிக்கும் பிள்ளைக்குத் ‘தண்டுச் செல்’ என்றால் தண்டில் இருக்கும் செல். நோயாளிக்கு அது முதுகுத் தண்டு. அடுத்து மொழிபெயர்ப்பவர் அந்தக் குழப்பத்தையே எழுத்தில் ஏற்றித் ‘தண்டுவடச் செல்’ ஆக்கிவிடுகிறார். அக்காவின் மூன்று ராத்திரி இப்படித்தான் போனது.

‘மூலச் செல்’ என்பவர்களோடுதான் எனக்கு நீண்ட வழக்கு. படித்தவர்கள், யோசித்து வைத்த பெயர், மறுக்கவில்லை. வடசொல் என்பதும் என் குறை இல்லை. விளங்கினால் எந்தச் சொல்லும் இருக்கட்டும். விளங்குகிறதா என்பதுதான் கேள்வி. மருத்துவப் பேச்சில் மூலம் என்றால் ஆசனவாய் நோய். உள்மூலம், வெளிமூலம், ரத்த மூலம் என்று அதற்கு வகைகளே இருக்கின்றன. ‘ரத்த மூலச் செல் சிகிச்சை’ என்று ஒரு பலகை வைத்தால் எந்த நோயாளி வந்து நிற்பார்? சரி, பழகிவிட்டால் குழப்பம் போய்விடும் என்பார்கள். போகட்டும். பொருள் பொருந்துகிறதா? மூலம் என்பது தொடக்கம். தொடங்கிவைத்த பிறகு அது இருக்கிறதா, தீர்ந்துபோனதா என்று அந்தச் சொல் சொல்லாது. ஆனால் மஜ்ஜையில் இருக்கும் இந்தச் செல்கள் எண்பது வயதிலும் வேலை செய்கின்றன. நம் உடலில் நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாக உருவாகின்றன. ஒவ்வொன்றின் ஆயுளும் ஏறக்குறைய 120 நாள்தான். குடலின் உள்தோல் சில நாள்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. தொடங்கிவைத்துவிட்டு ஒதுங்கிய ஒன்றால் இது நடக்குமா? ‘ஆதி செல்’, ‘முதல் செல்’ என்பவற்றுக்கும் இதே குறைதான். அவை கருமுட்டையைத்தான் நினைவூட்டும். ‘தாய் செல்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். பிரியும் செல் எதுவானாலும் பாடப்புத்தகத்தில் அது தாய் செல்தான். அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

இனி குருத்து. ஒரு தென்னையின் உச்சியைப் பாருங்கள். நடுவில் வெளிறிய, இன்னும் விரியாத குருத்து. அது விரிந்து, பச்சை ஏறி, முற்றி ஓலையாகிறது. பழைய ஓலை காய்ந்து விழுகிறது. ஆனால் நடுவில் குருத்து இருந்துகொண்டே இருக்கிறது. எத்தனை ஓலை விட்டாலும் தீர்வதில்லை. தன்னையும் காத்துக்கொண்டு இன்னொன்றாகவும் முற்றுவது என்ற இரண்டு குணங்களும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. குருத்து அழுகினால் அடிமரம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் தென்னை பட்டுப்போகும். கடும் கதிர்வீச்சில் மஜ்ஜை அழிந்தவருக்கு நேர்வதும் அதுவே: ஓடுகிற ரத்தம் கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் புதிதாக வராது. 1961-ல் டொரோண்டோவில் ஜேம்ஸ் டில்லும் எர்னஸ்ட் மெக்கல்லக்கும் அப்படி மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜைச் செல்களை ஏற்றினார்கள். மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் எழுந்தன. ஒவ்வொரு முடிச்சும் ஒரே செல்லிலிருந்து கிளைத்தது என்பது அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உறுதியானது. எத்தனையோ செல்களுக்கு நடுவே குருத்து எது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

சொல் பொருந்திவிட்டால் மற்றவை தாமாகவே வந்து சேர்கின்றன. கருவில் இருப்பது கருக்குருத்தணு, மஜ்ஜையில் இருப்பது ரத்தக் குருத்தணு. 2006-ல் ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனாக்கா நான்கு மரபணுக்களைப் புகுத்தி எலியின் தோல் செல்லைப் பழைய நிலைக்குத் திருப்பினார். 2012-ல் ஜான் கர்டனோடு நோபல் பரிசு பெற்றார். அவர் செய்ததைச் சொல்லப் பத்து வரி வேண்டாம். முற்றிய ஓலையைத் திரும்பக் குருத்தாக்கினார்.

சொல் சரியாக இல்லாவிட்டால் செய்தியே தவறிவிடுகிறது. 2025-ல் முதல் வகை நீரிழிவு பற்றிய ஓர் ஆய்வு முடிவு வந்தது. முழு அளவு சிகிச்சை பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. நான் படித்த செய்தியில் ‘தண்டுச் செல்களைக் கல்லீரலில் செலுத்தினர்’ என்றிருந்தது. இல்லை. குருத்தணுவை ஆய்வகத்தில் வைத்து, இன்சுலின் சுரக்கும் செல்லாக முற்றச் செய்து, அதைத்தான் செலுத்தினார்கள். முற்றாத கருக்குருத்தணுவை அப்படியே உடலில் விட்டால் கட்டியாக வளரக்கூடும். அரிவாளணு ரத்தசோகைக்கு 2023-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் தந்த சிகிச்சை இதற்கு நேர்மாறு. நோயாளியின் ரத்தக் குருத்தணுவையே எடுத்து, மரபணுவைத் திருத்தி, குருத்தாகவே திருப்பித் தருகிறார்கள், ஆயுளுக்கும் நல்ல ரத்தம் ஊற வேண்டும் என்பதால். ஒன்றில் ஓலையைக் கொடுத்தார்கள், மற்றதில் குருத்தைக் கொடுத்தார்கள். ‘தண்டு’ என்று எழுதியவருக்கு இந்த வேறுபாடு எட்டாது.

மொழிபெயர்ப்பவர்கள் சொல்லைப் பார்க்கிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை. ஆய்வகத்தில் செல் வளர்ப்பதைச் ‘செல் கலாச்சாரம்’ என்று எழுதியதைப் படித்திருக்கிறேன். மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் குழுவைக் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்கிறார்கள். யாரை யார் கட்டுப்படுத்துகிறார்கள்? ஒப்பீட்டுக் குழு என்றால் உடனே விளங்குமே. தொப்புள்கொடி ரத்தம் ‘தண்டு ரத்தம்’ ஆனதையும் பார்த்துவிட்டேன். இவற்றைப் படிப்பவர்கள் உயிர் பயத்தோடு படிக்கிறார்கள் என்ற நினைப்பு எழுதுகிறவருக்கு வேண்டாமா?

குருத்தணுவுக்கும் மறுப்பு உண்டு. குருத்தெலும்பு இருக்கிறதே, அதன் செல் என்று நினைத்துவிட மாட்டார்களா என்று கேட்கிறார்கள். அதைக் குருத்தெலும்புச் செல் என்றே எழுதுகிறோம். எலும்பு என்ற சொல் வேலி போட்டுவிடுகிறது. அணு என்றால் இயற்பியல் அணு ஆகிவிடாதா என்பது இன்னொன்று. வெள்ளையணு, சிவப்பணு, விந்தணு என்று பல காலமாகச் சொல்கிறோம், யாரும் குழம்பவில்லை. அணு பிடிக்காதவர்கள் குருத்துச் செல் என்று எழுதட்டும். செல்லைக் கலம் என்று படித்த ஈழத்தவர்கள் குருத்துக்கலம் என்று எழுதினாலும் எனக்குச் சம்மதமே. எதுவும் வேண்டாம், ஸ்டெம் செல் என்றே எழுதுகிறேன் என்றால் அதையும் பொறுத்துக்கொள்வேன். அது எதையும் விளக்காது, ஆனால் யாரையும் பயமுறுத்தவும் செய்யாது.

அக்கா மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.