முழங்காலுக்குக் கீழே தலையணை வேண்டாம்

முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க வருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "கால் எவ்வளவு மடங்குது?" கால் எவ்வளவு நேராக நீள்கிறது என்று கேட்பவர் அரிது. முதல் இரண்டு கிழமைகளில் கவனிக்கவேண்டியது அதைத்தான்.

வீங்கிய மூட்டுக்குள் நீர் சேர்ந்திருக்கும். மூட்டைச் சுற்றியுள்ள உறையில் அந்த நீருக்கு அதிக இடம் கிடைப்பது கால் ஏறத்தாழ 30 பாகை மடங்கியிருக்கும்போது. அதனால்தான் அப்படி வைத்தால் நோவு குறைகிறது. அம்மா முனகுவதைப் பார்த்து மகள் ஒரு தலையணையை மடித்து முழங்காலின் கீழே வைத்துவிடுவாள். அன்பினால் செய்யும் வேலைதான், ஆனால் வீட்டில் நடக்கும் தவறுகளில் இதுதான் பெரியது. கால் இரவும் பகலும் அந்த நிலையில் கிடந்தால் மூட்டின் பின்புற உறையும் தொடையின் பின்பக்கத் தசைகளும் குறுகிப்போகும். பிறகு எழுந்து நின்றாலும் கால் 10, 15 பாகை மடங்கியபடியே நிற்கும்.

நேரான முழங்காலில் நிற்பதற்குத் தசைக்கு அதிக வேலையில்லை. உடற்பாரம் மூட்டின் முன்பக்கமாக இறங்க, எலும்பும் எலும்புகளைப் பிணைக்கும் நார்களுமே தாங்கிக்கொள்ளும். மடங்கிய காலில் பாரம் மூட்டுக்குப் பின்னால் விழுகிறது. அதைத் தொடையின் முன்தசை நின்ற நேரமெல்லாம் இழுத்துப் பிடிக்கவேண்டும். படலைவரை நடப்பதற்குள் தொடை எரிவதும், அந்தக் கால் கட்டையானதுபோல் நொண்டுவதும், மாதங்கள் கழித்து இடுப்பு நோவதும் இதனால்தான்.

எனவே துவாயை உருட்டிக் குதிக்காலின் கீழே வையுங்கள், முழங்காலின் கீழே அல்ல. மூட்டு தன் பாரத்தில் தானே தொங்கி நேராகட்டும். ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. பாதம் வெளிப்பக்கம் சரிந்தால் இழுவை மூட்டின் பின்பக்கத்தில் சரியாக விழாது. கால்விரல்கள் கூரையைப் பார்க்கவேண்டும். வீக்கத்துக்காகக் காலை உயர்த்தும்போதும் கெண்டைக்காலும் குதியும் தாங்கலில் இருக்க, முழங்கால் நேராக இருக்கவேண்டும்.

அடுத்த சிக்கல் தொடைத்தசை. சத்திரசிகிச்சைக்கு மறுநாள் "காலைத் தூக்குங்க" என்றால் பலருக்கு அசையவே அசையாது. நரம்பை வெட்டிவிட்டார்களோ என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் நரம்பு சரியாகவே இருக்கும் (நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டிருந்தால் அது தெளியச் சில மணிநேரம் ஆகலாம்). மூட்டு உறை நீரால் விரியும்போது அதிலுள்ள உணர்விகள் முள்ளந்தண்டுக்குத் தகவல் அனுப்ப, முள்ளந்தண்டு தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையை அடக்கிவிடுகிறது. காயப்பட்ட மூட்டை அசையாமல் வைக்க உடல் செய்யும் ஏற்பாடு அது. 20, 30 மில்லிலீற்றர் நீரே, அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்கு மேற்படாததே, முன்தொடைத் தசையின் உட்பக்கப் பகுதியை அடக்கப் போதும். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் மாதத்தில் முன்தொடைத் தசை தன் பலத்தில் பாதிக்கும் மேல் இழந்துவிடுவதற்கு இது முக்கிய காரணம்.

இதைப் புரிந்துகொண்டால் ஐஸ் வைப்பது நோவுக்கு மட்டுமல்ல என்பது தெரியும். வீக்கம் வடிந்தால்தான் தசை விழிக்கும். ஐஸ்கட்டியை நொறுக்கிப் பொலித்தீன் பையில் கட்டி, துணி சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். காயம் நனையக்கூடாது, ஐஸ் தோலில் நேரே படக்கூடாது. தசையை எழுப்பும் பயிற்சியும் எளியதே. காலை நீட்டி, முழங்காலால் மெத்தையைக் கீழே அமுக்குவதுபோல் தொடையை இறுக்கி, 5 வினாடி பிடித்து விடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தரம். கையைத் தொடையில் வைத்துப் பார்த்தால் தசை கெட்டியாவது தெரியவேண்டும். பிறகு நீட்டிய காலை அப்படியே தூக்கிப்பாருங்கள். தூக்கும்போது முழங்கால் சற்று மடங்கித் தொங்கினால் தசைக்கு இன்னும் முழுப்பிடி வரவில்லை. அந்தக் காலை நம்பித் துணையில்லாமல் நடக்கக்கூடாது. எத்தனை நாளாகியும் தசை இறுகாவிட்டால் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சிறு மின்தூண்டலால் அதை எழுப்புவார்.

மடக்குவதற்கு அதன் கணக்கு உண்டு. சமதரையில் நடக்க 60, 65 பாகை போதும். படியேற 80க்கு மேல், கதிரையிலிருந்து எழும்ப 90க்கு மேல், குந்தியிருக்க 120ஐத் தாண்டவேண்டும். குதிக்காலில் அமர 150 அளவில் வேண்டும். மாற்றிய மூட்டு வழமையாக 110, 120 வரை வரும். காயம் ஆறும்போது உள்ளே உருவாகும் நார்கள் முதலில் தாறுமாறாகக் கிடக்கும். அசைவு இருந்தால் அவை இழுபடும் திசைக்கு ஒழுங்காகும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதல் ஆறு கிழமைகள் இதனால்தான் பெறுமதியானவை. இரண்டு கிழமையில் 90 என்பது நல்ல இலக்கு. ஆறு கிழமை கடந்தும் 90ஐ எட்டாவிட்டால், மயக்கமருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடவேண்டுமா என்று சத்திரசிகிச்சை நிபுணர் யோசிப்பார்.

அதற்காக மருமகன் பிடித்து அமுக்குவதோ, பரியாரி எண்ணெய் பூசி இழுப்பதோ கூடாது. "நோகுது மனே, விடு" என்று கத்தக் கத்த மடக்கினால் திசு கிழிந்து மறுநாள் மூட்டு இன்னும் வீங்கும், தசை மறுபடி உறங்கும். கதிரையில் இருந்து, குதியைத் தானாகப் பின்னால் இழுத்து, முடிந்த இடத்தில் பத்து வினாடி நிறுத்துவதே நல்ல முறை. வைத்தியர் தந்த நோவுக் குளிசையைப் பயிற்சிக்கு அரை மணித்தியாலத்துக்கு முன் எடுத்தால் வேலை சுலபம். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் முந்தினநாள் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

சாப்பாட்டிலும் ஒரு தடை இருக்கிறது. கிரந்தி, அதாவது புண்ணுக்கு ஆகாத சாப்பாடு, என்று சொல்லி முட்டை, இறால், நண்டு, சில வீடுகளில் மீன்கூட விலக்கிச் சோறும் ரசமும் கொடுப்பார்கள். தசை வளரவேண்டிய நேரத்தில் புரதத்தை நிறுத்துவது கல்லில்லாமல் மதில் கட்டுவது போன்றது. ஒவ்வாமையோ சிறுநீரக வருத்தமோ இல்லாதவருக்கு 50 கிலோ எடைக்கு நாளுக்கு 60 கிராம் அளவு புரதம் தேவை. 100 கிராம் மீனில் 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு. மட்டக்களப்பு வாவியும் கடலும் இருபுறமும் இருக்கும் ஊரில் இது கிடைக்காத சரக்கல்ல.

நடைக்கு வந்தால், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் எதிரி மணல். வோக்கரின் நுனி புதையும், சில்லு உருளாது. முதல் சில கிழமைகள் சீமெந்துத் தரையிலேயே நடக்கட்டும். மலசலகூடம் வளவின் கோடியில் இருந்தால் அதுவரை உறுதியான பாதை வேண்டும். மண்ணில் சும்மா போட்ட பலகை ஆடும். கார்த்திகை, மார்கழி மழையில் கிணற்றடிப் பாசியைச் சுரண்டிவிடுங்கள். கைத்தடி சத்திரசிகிச்சை செய்த காலுக்கு எதிர்க்கையில். நிமிர்ந்து நிற்கும்போது பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் காலும் தடியும் முதலில். கிளினிக்குக்கு ஓட்டோவில் போவதானால் முதுகு காட்டி அமர்ந்து, பின் கால்களை உள்ளே திருப்பவேண்டும். வாவியைக் கடக்கக் குருமண்வெளித் துறையில் படகேறவேண்டியவர்கள் துணையில்லாமல் ஏறக்கூடாது.

பிளாஸ்ரிக் கதிரை பதிவாக இருந்தால் ஒரே மாதிரியான இரண்டை ஒன்றுக்குள் ஒன்று அடுக்குங்கள்; சற்று உயரும், கால்களும் வளையாது. குந்தும் மலசலகூடத்தின் மேல் இரும்புச் சட்டக் கொமட் கதிரை வைக்கலாம். நடுவில் துளை வெட்டிய பிளாஸ்ரிக் கதிரை ஒருநாள் வெடிக்கும்.

கெண்டைக்கால் திடீரென வீங்கி நொந்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால், பயிற்சி நேரம் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்; நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். காயத்தில் நீர் கசிந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அப்படியே.

தொழுகையில் இருப்பு, கோவிலில் சப்பாணி, தேவாலயத்தில் முழந்தாளிடுதல் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. தழும்பின் வெளிப்பக்கத் தோல் மரத்திருப்பதால் முழந்தாளிடும்போது விசித்திரமாகத் தோன்றும். காயம் முற்றாக ஆறிய பிறகு, ஏறத்தாழ மூன்று மாதத்தில், நிபுணரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் கட்டிலில், பிறகு தடித்த மெத்தையில் பழகலாம். தொழுகைக்குக் கதிரை வேண்டியவர்களுக்கு, கைபிடி உள்ள கதிரையே எழும்பச் சுகம்.