கடற்கொள்ளைக்காரி: சொல் விளக்கம்

பழனி மலைத்தொடரின் மேல், கொடைக்கானலை அடுத்த பூம்பாறையிலும் அதைச் சுற்றியும் உள்ள ஊர்ப் பிள்ளைகளுடன் ஞாயிற்றுக்கிழமைகளில் கதை படித்து வருகிறேன். அவர்களுள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மேகத்தின்மேல் மிதக்கும் கப்பலில் சென்று மாயத் தீவுகளைச் சூறையாடும் ஓர் இளம்பெண்ணின் கதையை நோட்டுப் புத்தகம் நிறைய எழுதியிருந்தாள். 1863-இல் அமைக்கப்பட்ட கொடைக்கானல் ஏரியின் துடுப்புப் படகுகளைத் தவிர வேறு கலம் எதையும் அவள் கண்டதில்லை. கதை முழுவதும் நல்ல தமிழில் இருக்க, நாயகியைக் குறிக்கும் சொல் மட்டும் ‘பைரேட்’ என்று இருந்தது. “கடற்கொள்ளையன்னு எழுதினா ஆம்பளையா ஆயிடுதே, அக்கா. வேற என்ன எழுதுறது?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு உரிய விடையைத் தேடியதன் பயனே இக்குறிப்பு.

‘பைரேட்’ என்னும் சொல் இலத்தீன் ‘பீராட்டா’ வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் அடியான கிரேக்க வினைச்சொல்லுக்கு ‘முயல்தல்’, ‘துணிந்து தாக்குதல்’ என்பன பொருள். கடலோ கொள்ளையோ அந்த வேரில் இல்லை. அவை பின்னால் வந்து சேர்ந்தவை.

தமிழ்ச் சொல்லில் முதன்மையான உறுப்பு ‘கொள்ளை’. ‘கொள்’ என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல்லுக்கு இன்று வலிந்து பறித்தல் என்பதே முதற்பொருளாக நின்றாலும், ‘கொள்ளை அழகு’ என்னும்போது மிகுதியையும், ‘கொள்ளை நோய்’ என்னும்போது உயிர்களை வாரிச் செல்வதையும் அது குறிக்கிறது. சங்க இலக்கியத்தில் இதற்கு விலை என்றொரு பொருளும் உண்டு. அகநானூற்றின் 140-ஆம் பாடலில், பரதவர் உழாமல் விளைவித்த உப்பை வாங்கிய உமணர் ‘வெண்கல் உப்பின் கொள்ளை சாற்றி’, அதாவது உப்பின் விலையைக் கூவிச் சொல்லிக்கொண்டு, வெயில் காயும் குன்றுகளை நோக்கிப் போகிறார்கள். கடலிலிருந்து மலைக்கு உப்போடு ஏறிவந்த அந்தக் ‘கொள்ளை’, கொடுத்துப் பெறும் நேர்மையான வாணிகச் சொல்லாக இருந்தது என்பதை மலையில் வாழும் நாங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

கடலில் கொள்ளையிட்டவர்களைச் சங்கப் புலவர்கள் எவ்வாறு குறித்தார்கள்? பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில் குமட்டூர்க் கண்ணனார், சேர மன்னன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடலிடைத் தீவில் இருந்த பகைவரை வென்று, அவர்கள் காத்துவந்த கடம்ப மரத்தை அடியோடு வெட்டியதைப் பாடுகிறார். அப்பகைவரைக் கடற்கொள்ளையர் என்றே வரலாற்றாசிரியர் பலர் கொள்கின்றனர். முசிறிக்கு அருகே கொள்ளையர் இருந்ததாக முதல் நூற்றாண்டு உரோமானியர் பிளினியும் எழுதியிருக்கிறார். ஆனால் புலவர் அவர்களை ‘முரணியோர்’, அதாவது மாறுபட்டு நின்றோர், என்று குறிப்பதோடு அமைகிறார். அப்பத்தின் முதற்பாடல் இந்த வெற்றியை முருகன் கடலுள் சூரனின் மாமரத்தைத் தடிந்ததோடு ஒப்பிடுகிறது. குழந்தை வேலப்பரை வணங்கும் பூம்பாறைப் பிள்ளைகளுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டிய தேவையே எழவில்லை.

பெண்பாற் சொல்லைத் தேடும்போதுதான் உண்மையான இடர் தொடங்குகிறது. ‘முந்நீர் வழக்கம் மகடூஉவொடு இல்லை’ என்பது தொல்காப்பியம். பெண்ணுடன் கடற்பயணம் செல்லும் வழக்கம் இல்லை என்று இலக்கணம் வகுத்த மொழியில், கப்பலைத் தானே நடத்தும் பெண்ணுக்குப் பழைய பெயர் கிடைக்காததில் வியப்பில்லை. ஆனால் கடற்கொள்ளையில் இறங்கிய பெண்கள் வரலாற்றில் இல்லாமலில்லை. 1720-இல் ஜமைக்காவில் விசாரிக்கப்பட்ட ஆன் போனியும் மேரி ரீடும் சண்டையின்போது ஆண்களின் உடையில் இருந்ததாகச் சாட்சியம் உண்டு. தென்சீனக் கடலில், கணவர் 1807-இல் இறந்தபின் பெருங்கப்பற்படை ஒன்றைத் தன் ஆணையின்கீழ் வைத்திருந்து, 1810-இல் அரசோடு பேசித் தனக்கு ஏற்ற உடன்பாட்டுடன் பணிந்த பெண்மணியை உலகம் ‘ஜெங் யீ சாவ்’ என்று அழைக்கிறது. ‘சாவ்’ என்பது அண்ணன் மனைவியைக் குறிக்கும் சீனச் சொல். நம் முறையில் சொன்னால் அவர் ‘ஜெங் யீ அண்ணி’. அத்தனை கப்பல்களை ஆண்டவருக்கும் உறவுப்பெயரே பெயராக நிலைத்துவிட்டது.

‘கடற்கள்வி’ என்று ஆக்கலாமே எனின், களவு என்பது மறைவில் நிகழ்வது. கொடியேற்றி எதிரே வந்து பறிப்பதற்கு அது பொருந்தாது. ஆநிரை கவர்தலைக் குறிக்கும் பழந்தமிழ் ‘ஆகோள்’ என்பதைப் பின்பற்றிக் ‘கோள்’ என்று முடிக்கவும் இயலாது; கடல்கோள் என்றால் கடலே நிலத்தை விழுங்குவதாகிவிடும். ‘கடலோடி’ இருபாலுக்கும் பொதுவான அழகிய சொல் என்றாலும் அதில் கொள்ளை இல்லை.

‘சாகசக்காரி’ என்பதைச் சிலர் பரிந்துரைப்பர். சாகசம் என்பதன் வடமொழி மூலமான ‘ஸாஹஸம்’, மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயத்தில், உரியவர் கண்ணெதிரே வலிந்து பறிக்கும் குற்றத்தைக் குறிக்கிறது. காணாமல் எடுப்பதே அங்குத் திருட்டு. ஆகவே துணிவும் பறிப்பும் கிரேக்கச் சொல்லில் கலந்ததைப் போலவே இச்சொல்லிலும் கலந்திருக்கின்றன. வேர் இவ்வளவு பொருத்தமாக இருந்தும், தமிழ் வழக்கில் சாகசக்காரி என்பவள் பசப்பி மயக்குபவள் ஆகிவிட்டாள். ஆணுக்குச் சேரும்போது வீரமாகும் சொல் பெண்ணுக்குச் சேரும்போது இழிந்து போவதை நான் ஏற்க மாட்டேன். ஆதலால் அதை விலக்குகிறேன்.

எஞ்சி நிற்பது ‘கடற்கொள்ளைக்காரி’. ‘காரி’ வடமொழித் தொடர்புடைய விகுதி என்னும் தடை எழலாம். பூக்காரி, வேலைக்காரி என்று பேச்சில் வேரூன்றி, பூண்டு விற்கும் பெண்ணைப் ‘பூண்டுக்காரம்மா’ என்று எங்கள் மலையில் அன்போடு அழைப்பது வரை பரவிவிட்ட ஒன்றை இனி அயல் என்று ஒதுக்க வேண்டியதில்லை. வரலாற்று மாந்தரைக் குறிக்கையில் ‘கடற்கொள்ளையர்’ என்று மரியாதைப் பன்மையில் எழுதுவதும், ‘அவள்’ என்று சுட்டப்படும் கதைநாயகியைக் ‘கடற்கொள்ளைக்காரி’ என்பதும் முறையாகும். அம்மாணவி எழுதியது போன்ற மாயக் கதை நூல்களை ‘இளையோர் மிகுபுனைவு’ என்று வழங்கலாம்.

கடல், கொள்ளை என்னும் இரு சொற்களும் புணரும்போது லகரம் றகரமாகத் திரியும். பிரித்துக் ‘கடல் கொள்ளைக்காரி’ என எழுதுவது பிழை. மாணவியும் முதலில் அப்படித்தான் எழுதினாள். பிறகு அழிரப்பரை எடுத்து, முதற்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இடமாகத் திருத்தத் தொடங்கினாள்.