பள்ளி மேலாண்மைக் குழு: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தபோது, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நோட்டை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து, "வீடு வீடா போய் கையெழுத்து வாங்கிட்டு வா" என்று பல மாதம் அனுப்பியிருக்கிறேன். கூட்டத்துக்கு ஆள் சேராது. மாதம் தவறாமல் கூட்டம் நடந்ததாகக் கணக்கு காட்டியாக வேண்டும். இரண்டே ஆசிரியர், ஐந்து வகுப்பு. காரணத்துக்கா பஞ்சம்? களை எடுக்கும் வயலுக்கே நோட்டு போய், சேற்றுக் கைரேகையோடு திரும்பி வந்த நாளும் உண்டு.

இந்தக் குழு யாரோ ஒரு அதிகாரி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவில் இதை வைத்திருக்கிறது. உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர். தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான். தலைமையாசிரியர் வெறும் கூட்டுநர். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. ஊரில் பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, சில ஆசிரியர்களுக்கும்தான்.

2022இல் தற்காலிக ஆசிரியர்களை இந்தக் குழு வழியாக நியமிக்க அரசு முடிவெடுத்தது. தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய். அதுவரை பள்ளிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட, "குழுவுல யார் யாரு சார் இருக்காங்க?" என்று விசாரிக்க வந்துவிட்டார்கள். குழுவுக்கு அதிகாரம் உண்டு என்று ஊருக்கு உறைத்தது அப்போதுதான்.

சரி, உறுப்பினரின் வேலை என்ன? சட்டம் சொல்வது சுருக்கம்: பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா, சத்துணவு சரியாக இருக்கிறதா, பள்ளி வயதில் வீட்டில் நிற்கும் பிள்ளை உண்டா என்பதெல்லாம் முதலாவதற்குள் வந்துவிடும். இதில் ஏமாறுவது பெரும்பாலும் மேம்பாட்டுத் திட்டத்தில்தான். போன வருடத்துத் தாளை எடுத்து வருடத்தை மட்டும் மாற்றி எழுதிவிடுவோம். நானும் எழுதியிருக்கிறேன்.

எங்கள் குழுத் தலைவர் எட்டாம் வகுப்பு படித்தவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் மதியம் பள்ளிக்கு வந்து, "சார், என் பொண்ணு கொண்டுவர்ற தண்ணி பாட்டில் அப்படியே நிறைஞ்சு வீட்டுக்கு வருது. ஏன் குடிக்கலன்னு கேட்டா, பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லையாம்" என்றார். போய்ப் பார்த்தேன். கதவு இருந்தது, தண்ணீர் இருந்தது, வாளி இருந்தது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள். ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். துணைக்கு ஆள் கிடைக்காத பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். நான் எழுதிய திட்டத்தில் இரண்டு வருடமாக 'கழிப்பறைப் பராமரிப்பு' என்று ஒரு வரி இருந்தது. நூறு ரூபாய்கூட ஆகாத தாழ்ப்பாள் அந்த வரிக்குள் என் கண்ணில் படவே இல்லை.

பணம் இல்லாமல் இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி, 30க்கு மேல் 100 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதற்கு மேல் 250 பேர் வரை 50,000. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குச் செலவாக வேண்டும். உங்கள் பள்ளிக்கு எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, ரசீது எங்கே என்று கேளுங்கள். கேட்டால் தலைமையாசிரியர் முகம் சுளிப்பார் என்ற தயக்கம் வேண்டாம். கணக்கு சுத்தமாக இருந்தால் அவருக்கே அது பாதுகாப்பு. தணிக்கையில் தனியாக மாட்டிக்கொள்ள யாருக்கு ஆசை?

செய்யக் கூடாததும் உண்டு. வகுப்புக்குள் நுழைந்து ஆசிரியரைப் பிள்ளைகள் முன்னால் விசாரிப்பது குழுவின் வேலை அல்ல. குறை இருந்தால் கூட்டத்தில் பேசித் தீர்மானமாக எழுதுங்கள். அது கல்வி அலுவலரிடம் போகும்போது எடை கூடும். அப்புறம், மனைவி உறுப்பினர் என்றால் கூட்டத்துக்குக் கணவர் வந்து உட்காரும் வழக்கம். நான் அவர்களுக்கு டீ கொடுத்து வெளித் திண்ணையில் உட்கார வைத்துவிடுவேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். டீயை மட்டும் யாரும் வேண்டாம் என்றதில்லை.

தாழ்ப்பாள் மறுநாளே மாட்டியாயிற்று. அதற்கு அடுத்த மாதம், பழக்க தோஷம், நோட்டை மறுபடியும் ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினேன். கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தது. "வெள்ளிக்கிழமை அவங்களே வர்றாங்களாம் சார். படிச்சுப் பார்த்துட்டுப் போடுறாங்களாம்" என்றான். சொன்னபடியே தலைவர் வந்தார், கூட நான்கு அம்மாக்களையும் அழைத்துக்கொண்டு. எழுத்துக் கூட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தார். அன்று பள்ளியைப் பூட்டும்போது மணி ஆறரை.